கீறல் விழுந்த காசு

அத்தியாயம் 14

காசு காலை ஏழே முக்காலுக்கு வந்தது.

பேரின்பநாதன் கதவைத் திறந்தார். தனோஜன் நின்றான். கம்பனிக்காரன். இந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டு. ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு சிறிய துணிப்பை ஒன்றைக் கொடுத்தான்.

மூன்று கிழமையாக இந்த வீடு அந்தப் பைக்காகத்தான் காத்திருந்தது.

இன்று மகன் ஆரூரனுக்குப் பொன்னுருக்கல். மாப்பிள்ளை வீட்டுக் காசைப் பத்தர் எல்லோருக்கும் முன்னால் வைத்து உருக்குவார். அந்தப் பொன்னில்தான் தாலி. நல்ல நேரம் பத்து பன்னிரண்டிலிருந்து பத்து நாற்பத்தெட்டு வரை. கலியாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள்.

கடையில் ஒரு பவுண் வாங்கி வைப்போம் என்று மனைவி இந்திராதேவி இரண்டு முறை சொன்னாள். பேரின்பநாதன் மறுத்துவிட்டார். எங்களுடைய தங்கம் இருக்கும்போது எதற்குக் கடைத் தங்கம் என்று கேட்டார். மகனுடைய தாலி ஹேமாவிலிருந்து வரும் என்று சம்மந்தி வீட்டாருக்கும் சங்கத்தில் உள்ளவர்களுக்கும் சொல்லியிருந்தார்.

ஹேமா ஒரு டிஜிட்டல் நாணயம். ஒரு ஹேமாவுக்கு ஒரு கிராம் தங்கம். நகையைக் கொடுத்தால் உருக்கி, தரம் பார்த்து, சுவிஸில் ஒரு பெட்டகத்தில் வைப்பார்கள். கைபேசியில் அத்தனை ஹேமா ஏறும். விற்கலாம். அனுப்பலாம். வேண்டியபோது தங்கமாகவே திருப்பி எடுக்கலாம். கம்பனி அப்படிச் சொன்னது. பேரின்பநாதனும் அப்படித்தான் சொன்னார்.

அவர் சொன்னால் சனம் கேட்கும். ஊர்ச் சங்கத்தில் இருபது வருடச் செயலாளர். செத்த வீட்டுக்கு முதலில் வருகிறவர். போன வருடத்துக்கு முந்தின மாரிக் குளிரில் மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் ஏழு தமிழ் வீடுகளைக் கள்ளர் உடைத்தார்கள். எல்லாம் வீட்டுக்காரர் கலியாணங்களுக்குப் போன சனிக்கிழமைகளில். வந்தவர்கள் தொலைக்காட்சியைத் தொடவில்லை. அரிசிப் பேணிக்குள் கைவிட்டுப் பார்த்திருந்தார்கள். அதற்குப் பிறகு வங்கிகளில் பாதுகாப்புப் பெட்டி கிடைக்கவில்லை. ஹேமா வந்தது அப்போதுதான். முப்பத்திநாலு குடும்பங்கள் நகை கொடுத்தன. எல்லாம் அவர் கூட்டிக்கொண்டு போன குடும்பங்கள்.

பேரின்பநாதன் பையை அவிழ்த்தார். பழைய இங்கிலாந்துத் தங்கப் பவுண். இராணியின் தலை.

இலக்கமிட்ட உறையில், முத்திரையோடு வரும் என்று பத்திரத்தில் இருந்தது. உறை இல்லை. கேட்டார். உறையில் வருவது தாமதம், உங்களுக்காக மொன்றியல் கையிருப்பிலிருந்து எடுத்துத் தந்தோம் என்று தனோஜன் சொன்னான். போய்விட்டான்.

தங்கம் எல்லாம் சுவிஸில் என்றால் மொன்றியலில் என்ன கையிருப்பு? அவர் அதைக் கேட்டிருக்கலாம்.

"வந்திட்டுதோ?" இந்திராதேவி குசினிக்குள் இருந்து கேட்டாள்.

"வந்திட்டுது."

அவள் வந்து பார்த்தாள். கையில் எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். அவள் கழுத்தில் மஞ்சள் கயிற்றில் தாலி கிடந்தது. தாலிக்கொடி பதினைந்து பவுண். அதுவும் ஹேமாவில்தான் இருந்தது.

---

மகள் வித்தியா ஒன்பதரைக்கு வந்தாள். தகப்பனோடு கதைத்து ஆறு நாள்.

அவள் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை செய்கிறாள். போன ஞாயிறு ஹேமாவின் பத்திரத்தை முழுதாக வாசித்துவிட்டு வந்து இந்த மேசையில் இருந்துதான் கேட்டாள். தங்கம் எங்கே இருக்கிறது, அதை எண்ணிப் பார்த்தவர் யார், அது யாருடைய பெயரில் இருக்கிறது. மூன்றுக்கும் பத்திரத்தில் நம்பக்கூடிய பதில் இல்லை. எண்ணிப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்த நிறுவனமும் கம்பனிக்காரருடையதுதான். திருப்பித் தருவதை வேண்டிய காலத்துக்கு நிறுத்திவைக்கலாம் என்று நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது.

பேரின்பநாதன் விடவில்லை. எல்லாம் பதிவில் இருக்கிறது, உலகத்தில் எவரும் பார்க்கலாம், எவரும் மாற்ற முடியாது என்றார். தங்கத்தின் விலை ஏறுகிறதே தவிர இறங்கவில்லை என்றார்.

"அந்தப் பதிவு ஹேமா எவரிட்டை இருக்கு எண்டு காட்டும் அப்பா. பெட்டகத்துக்குள்ளை தங்கம் இருக்கோ எண்டு அதுக்குத் தெரியாது. தங்கம் விழாது எண்டு சொல்லுறியள். தங்கம் விழாது. வைச்சிருக்கிறவன் விழுவான்."

அதோடு நின்றிருக்கலாம். களவுக்கு நீங்களும் உடந்தை என்று ஒரு சொல் சொல்லிவிட்டாள். அவர் எழுந்து போய்விட்டார். அவள் அன்றே நிதி அதிகாரிகளுக்கு ஒரு முறைப்பாடு எழுதினாள். எழுதியதைத் தாயிடம் சொன்னாள். அனுப்பவில்லை.

இப்போது தட்டத்தில் வெற்றிலை மேல் கிடந்த காசைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கதிரை ஒன்றை இழுத்து ஏறி நின்று, புகை அலாரத்தின் பற்றரியைக் கழற்றினாள். பத்தர் தீ மூட்டும்போது அது கத்தக் கூடாது.

ஆரூரன் வேட்டியைப் பிடித்தபடி நடந்தான். முப்பது வயது. பாலம் கட்டும் கம்பனியில் பொறியியலாளன்.

"உன்ரை வேட்டிக்கும் ஒரு பாலம் போட்டிருக்கலாம்," என்றாள் வித்தியா.

"பெல்ட் போட்டிருக்கிறன். தெரியுதோ?"

"எல்லாருக்கும் தெரியுது."

இந்திராதேவி சிரித்தாள். இந்தக் கிழமையில் முதல்முறை.

---

பெண் வீட்டார் பத்து மணிக்கு வந்தார்கள். தகப்பன் விமலநாதன், அவர் மனைவி, அவருடைய இரண்டு சகோதரர்கள். பெண் வரவில்லை. வரும் வழக்கம் இல்லை. எல்லாமாக இருபது பேர். கதிரைகள் போதவில்லை.

அருளம்பலம் பத்தர் பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து வந்திருந்தார். மொன்றியல் தீவில் பாதித் தமிழருக்குத் தாலி செய்தவர். நிலத்தில் செங்கல்லை வைத்தார். அதன் மேல் பொன் உருக்கும் மூசையை வைத்தார். பக்கத்தில் சிறிய கேஸ் விளக்கு. நிறைகுடத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னார்.

பத்து பன்னிரண்டுக்கு ஆரூரன் காசை வெற்றிலையோடு எடுத்து அவரிடம் கொடுத்தான்.

அருளம்பலம் வாங்கிக் கண்ணில் ஒற்றினார். விளிம்பை விரலால் தடவினார். விரல் நின்றது. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு மறுபடியும் முன்பக்கம்.

உருக்கும்போது தூவும் வெண்காரத்தைக் காரில் விட்டுவிட்டதாகச் சொன்னார். காசு கையிலேயே இருந்தது.

"அண்ணை, ஒருக்கா கறாச்சைத் திறந்து விடுங்கோ."

கார் நிறுத்தும் கறாச்சுக்குள் பனித் தள்ளியும் பனிக்கால ரயர்களும் கிடந்தன. பேரின்பநாதன் வெளிக்கதவைத் திறக்கும் பொத்தானை அழுத்தப் போனார். வேண்டாம் என்று அருளம்பலம் கையைக் காட்டினார். வெண்காரப் போத்தல் அவருடைய சட்டைப் பையில் இருந்தது.

"இந்தக் காசு எங்காலை அண்ணை?"

"கம்பனியிலையிருந்து. காலமை கொண்டுவந்து தந்தவங்கள்."

"கம்பனிக்கு எங்காலை?"

அருளம்பலம் காசை விரலால் திருப்பினார்.

"இது பிரியந்தியின்ரை."

"பத்தர், ஒரு பவுண் மாதிரித்தானே மற்றப் பவுணும் இருக்கும்."

"இருக்கும். இந்தக் கீறல் இராது. இது நான் போட்டது."

விளக்கடியில் பிடித்துக் காட்டினார். இராணியின் முடிக்கு மேல், விளிம்பில், அரம் பட்ட ஒரு பள்ளம். அதிலிருந்து முடி வரை ஒரு மெல்லிய கீறல்.

மகள் பிறந்தபோது பிரியந்தியின் புருஷன் வாங்கிய காசு. அருளம்பலம்தான் வளையம் ஒட்டிப் பதக்கமாக்கிக் கொடுத்தார். புருஷன் செத்த பிறகு அவள் அதைப் போடவில்லை. போன ஐப்பசியில் ஹேமாவுக்குக் கொடுக்க வேண்டும், வளையத்தை எடுத்துத் தாருங்கள் என்று கொண்டு வந்தாள். எடுக்கும்போது அரம் வழுக்கியது. நாற்பது வருடத்தில் அப்படி அவருக்கு நாலைந்து தரம்தான் நடந்திருக்கும். சொல்லி வருத்தப்பட்டார். உருக்கப் போகிறார்கள்தானே, பரவாயில்லை என்றாள் அவள்.

"உருக்கியாச்சு, பெட்டகத்துக்குப் போயிட்டுது எண்டு அவவுக்குக் கடுதாசி வந்தது. எனக்குக் காட்டினவ. நீங்கள்தானே அண்ணை அவவைக் கூட்டிக்கொண்டு போனனீங்கள்?"

"ஓம்."

பேரின்பநாதன் ரயர்களின் மேல் கையை ஊன்றினார்.

பிரியந்தியின் கைபேசியில் இந்த நிமிடமும் எட்டு ஹேமா இருக்கும். பச்சை எழுத்தில். அவளே ஒருமுறை காட்டினாள். அந்த எட்டு ஹேமாவின் தங்கம் இங்கே, பத்தரின் உள்ளங்கையில். உருக்கவில்லை. எங்கேயும் போகவில்லை. ஒருவரிடம் வாங்கியதை மற்றவரிடம் கொடுத்திருக்கிறார்கள். கேட்டவருக்கு மட்டும். கேட்காதவர்களிடம் பச்சை எழுத்து இருக்கிறது.

முப்பத்திநாலு வீடு. இந்திராதேவியின் கொடி.

"கடையிலை வேறை காசு இருக்குதோ?" என்றார்.

"இருக்கு. போய்வர ஒரு மணித்தியாலம். நேரம் முடிஞ்சிடும்."

உள்ளே விமலநாதன் எதற்கோ சிரித்தார். யாரோ தேங்காயைத் தேடினார்கள்.

அருளம்பலம் குரலை இறக்கினார்.

"இப்பிடியே வைச்சிருந்தால் இது சாட்சி அண்ணை. உருக்கினால் வெறும் தங்கம். மற்றது, புருஷன் செத்த பிள்ளையின்ரை காசு. அதிலை தாலி செய்ய எனக்குக் கை வராது. நீங்கள் சொன்னால் செய்வன். ஆனால் நீங்கள் சொல்லவேணும்."

பேரின்பநாதன் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பத்து இருபத்தாறு.

உள்ளே போய் இதை நிறுத்தலாம். ஏன் என்று கேட்பார்கள். ஒரு காசில் தொடங்கினால் முப்பத்திநாலு வீட்டிலும்தான் முடியும். உள்ளே கூடத்திலேயே ஐந்து பேர் கொடுத்தவர்கள். பொன்னுருக்கல் நின்ற வீட்டுக்கு விமலநாதன் பெண் தருவாரா என்பது அதற்குப் பிறகுதான்.

"உருக்குங்கோ," என்றார்.

அருளம்பலம் வெண்காரப் போத்தலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். பிறகு கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.

---

பத்து முப்பத்தொன்றுக்கு விளக்கு எரிந்தது. தீ நீலமாகச் சீறியது. சின்னப் பிள்ளைகள் கிட்டப் போகாமல் இந்திராதேவி கையால் மறித்தாள்.

காசு முதலில் கறுத்தது. பிறகு சிவந்தது. இராணியின் முகம் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. விளிம்பு தளர்ந்து உள்ளே விழுந்தது. அதன் பிறகு முகம் இல்லை. ஒரு துளிதான் உருண்டுகொண்டிருந்தது.

விமலநாதனின் தம்பி தேங்காயை உடைத்தார். நேராக இரண்டாகப் பிளந்தது. நல்ல சகுனம் என்று ஒரு கிழவர் சொன்னார்.

அருளம்பலம் பொன்னை ஆற்றி, தட்டத்தில் வைத்து ஆரூரனிடம் கொடுத்தார். அவன் சபையைச் சுற்றிக் காட்டினான். எல்லோரும் தொட்டார்கள். பேரின்பநாதனும் தொட்டார். இன்னும் சூடாக இருந்தது.

சாப்பாட்டுக்கு முன் விமலநாதன் பக்கத்தில் வந்து இருந்தார். தான் இவ்வளவு நாளும் கொஞ்சம் யோசித்துக்கொண்டு இருந்ததாகச் சொன்னார். கைபேசியில் தெரியும் தங்கத்தை எப்படி நம்புவது என்று மனைவி கேட்டபடி இருந்தாளாம். இன்று கண்ணால் கண்டாயிற்று. மகளுக்குப் போடுவதுபோக மிச்ச நகையை வியாழக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறார்.

"கலியாணம் முடியட்டும் சம்மந்தி. பேந்து பாப்பம்."

"அதுக்கிடையிலை விலை ஏறிவிடும்."

"பேந்து பாப்பம்," என்றார் பேரின்பநாதன் மறுபடியும். விமலநாதன் அவருடைய முழங்காலில் தட்டிவிட்டு எழுந்தார். அவர் முடிவை மாற்றியதாகத் தெரியவில்லை.

வித்தியா குசினி வாசலில் தகப்பனைப் பிடித்தாள்.

"அப்பா. ஒரு காசு வந்ததாலை எல்லாம் சரி எண்டு நான் சொல்லேல்லை. ஆனால் உங்களைக் களவுக்கு உடந்தை எண்டு சொன்னது பிழை. அந்தச் சொல் சொல்லியிருக்கக் கூடாது."

அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"முறைப்பாட்டை இப்ப அனுப்பேல்லை. கலியாணம் முடியட்டும். நீங்கள் முதல் கம்பனியோடை கதையுங்கோ."

"சரி பிள்ளை."

அவள் அவருடைய கையைத் தொட்டாள். ஆறு நாளுக்குப் பிறகு. அவர் தண்ணீரை முழுவதும் குடித்து முடித்தார். கோப்பையைக் கழுவினார். துடைத்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் நின்றார்.

---

பன்னிரண்டரைக்கு வாசல் மணி அடித்தது. பிரியந்தி.

நல்ல காரியங்களுக்கு அவள் எப்போதும் நேரம் முடிந்த பிறகுதான் வருவாள். யாரும் அவளை அப்படி வரச் சொன்னதில்லை. வேளைக்கு வரச் சொன்னதும் இல்லை. இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். கையில் ஒரு பெட்டி பயற்றம் பணியாரம்.

நாலு வருடத்துக்கு முன் அவளுடைய புருஷன் பண்டகசாலையில் நெஞ்சுவலி வந்து விழுந்தபோது, ஆஸ்பத்திரிக்கு முதல் போனவர் பேரின்பநாதன். மரணப் பத்திரம், காப்புறுதி, ஓய்வூதியம் எல்லாப் படிவமும் அவர் கையெழுத்தில்தான். அவர் சொன்னபடிதான் அவள் ஹேமாவில் கையெழுத்து வைத்தாள்.

இந்திராதேவி அவளைக் கூட்டிக்கொண்டு வந்து தட்டத்தைக் காட்டினாள். தொடச் சொன்னாள். பிரியந்தி தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"நல்ல நிறம் அக்கா."

அருளம்பலம் மூலையில் ஆயுதங்களைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் நிமிரவில்லை.

பிரியந்தி பேரின்பநாதனிடம் வந்தாள்.

"அண்ணை, உங்களுக்கு எத்தினை நாளிலை வந்தது?"

"மூண்டு கிழமை."

"நானும் எடுக்கப்போறன். நிருஷாவுக்கு ஆனியிலை பள்ளிக்கூடப் பட்டமளிப்பு. அப்பா வாங்கின காசு எங்கை எண்டு கேக்கிறாள். போட்டுக்கொண்டு போகவேணுமாம். அதே காசு வராது எண்டு சொல்லிப்போட்டன். அது உருகி எங்கையோ கட்டியாய்க் கிடக்கும். வேறை ஒண்டு வந்தால் காணும், அதுக்கு வளையம் போட்டுக் குடுப்பன்."

அருளம்பலத்தின் கை நின்றது.

"இப்ப எழுதிப் போட்டால் ஆனிக்கிடையிலை வரும்தானே அண்ணை?"

கூடத்தில் பிள்ளைகள் ஆரூரனின் வேட்டியை இழுத்துச் சிரித்தார்கள். வித்தியா அவர்களை அதட்டினாள். பேரின்பநாதன் பிரியந்தியின் முகத்தைப் பார்க்காமல் அவளுக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தார்.

"வரும்," என்றார்.

அருளம்பலம் பெட்டியைப் பூட்டி எழுந்தார். வெற்றிலையில் வைத்துக் கொடுத்த கூலி அப்படியே செங்கல்லின் பக்கத்தில் கிடந்தது.

"தங்கச்சி, பஸ்ஸிலையோ வந்தனீங்கள்? நான் பார்க் எக்ஸுக்குத்தான் போறன். வாங்கோ, இறக்கிவிடுறன்."

"இப்பத்தானே வந்தனான்."

"எனக்கு உங்களோடை ஒரு கதை இருக்கு."

"பத்தர்," என்றார் பேரின்பநாதன். "சாப்பிட்டிட்டுப் போங்கோ."

"வேண்டாம் அண்ணை."

பிரியந்தி இருவரையும் பார்த்தாள். இந்திராதேவி ஓடிப்போய்ச் சாப்பாட்டை ஒரு பேணியில் போட்டுக் கொடுத்தாள். பிரியந்தி வாங்கிக்கொண்டு காலில் சப்பாத்தைப் போட்டாள்.

பேரின்பநாதன் கூடத்து யன்னலுக்குப் போனார். வெளியே மே மாத வெயில். புல் இன்னும் பச்சைக்கு வரவில்லை. அருளம்பலம் காரின் முன்கதவைத் திறந்துவிட்டார். பிரியந்தி ஏறினாள். பேணியை மடியில் வைத்தாள். அவர் சுற்றிப் போய் ஏறினார். எஞ்சின் சத்தம் கேட்டது.

"ஆர் போகினம்?" விமலநாதன் பின்னால் வந்து நின்று கேட்டார்.

கண்ணாடிக்கு அப்பால் இரண்டு தலைகள் தெரிந்தன. ஒன்று மற்றதன் பக்கம் திரும்பியிருந்தது.

கார் நகரவில்லை.